வேலை பார்க்கும் இடத்தில் பெயர் எடுப்பது: நான் பட்ட பாடு

எங்கள் ரைஸ் மில்லில் ரொம்ப வருஷமாக எனக்குப் பெயர் ‘கம்ப்யூட்டர் புள்ள’. நான் சேர்ந்ததோ லேப் வேலைக்கு. கும்பகோணத்தில் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டு 2017-இல் மன்னார்குடிப் பக்கம் ஒரு தனியார் ஆலையில் தரம் பார்க்கும் வேலைக்குப் போனேன். வருகிற மூட்டையில் குத்தூசி போட்டு மாதிரி எடுக்க வேண்டும், ஈரம் பார்க்க வேண்டும், கருக்காய் (மணி முற்றாத நெல்) எவ்வளவு, வேறு ரகம் கலந்திருக்கிறதா, அரைத்து வருகிற அரிசியில் குருணை, அதாவது உடைந்த அரிசி, எத்தனை சதவீதம் என்று எடை போட்டு ரிஜிஸ்டரில் ஏற்ற வேண்டும். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே கணக்குப்பிள்ளை ஐயா ஒரு கடிதம் டைப் செய்து தரச் சொன்னார், செய்தேன். அப்புறம் கரண்ட் பில் ஆன்லைனில் கட்டச் சொன்னார்கள். அப்புறம் லாரிக்கு ஈ-வே பில் (சரக்கு அனுப்ப ஆன்லைனில் போடுகிற சீட்டு), முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு முகவரிப் பட்டியல், பெரியம்மா காசிக்குப் போக ரயில் டிக்கெட். யாருக்கு எது தேவை என்றாலும் “அதான் அந்தப் புள்ள இருக்குல்ல” என்று லேப் கதவைத் தட்டுவார்கள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. ஆண்களே நிறைந்த இடத்தில் எல்லாரும் நம்மைத் தேடி வருகிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் என் அக்கா மகள். தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பில்லிங் பிரிவில் சேர்ந்திருக்கிறாள். போன மாதம் வந்தவள், “சித்தி, எங்க டிபார்ட்மெண்ட்ல எதுனாலும் என்கிட்டதான் கேப்பாங்க, பிரிண்டர் மாட்டுனாகூட நான்தான்” என்று பெருமையாகச் சொன்னாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவளிடம் உட்கார்ந்து சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

கதை முறுக்கேறியது 2022-இல். அந்த வருஷம் மேட்டூர் அணையை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமான ஜூன் 12-க்கும் முன்னால். டெல்டா முழுக்கக் குறுவை நெல் சாகுபடி களை கட்டியது, நெல் நிறைய வரும் என்று எங்களுக்கு அப்போதே தெரியும். அதே சமயம் ஜூலை 18 முதல் 25 கிலோ வரைக்கும் பையில் அடைத்து லேபிள் ஒட்டி விற்கிற அரிசிக்கெல்லாம் 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று வந்தது. அதற்கு முன்னால் பதிவு செய்த பிராண்டுக்கு மட்டும்தான் வரி. உடனே ஊரில் உள்ள ஆலைகள் பலதும் 26 கிலோ பைக்கு மாறின, கடையில் 26 கிலோ சிப்பம் பார்த்து இது என்ன கணக்கு என்று யோசித்தவர்களுக்கு விளக்கம் இதுதான். எங்கள் ஆலையிலும் பை அளவு, எழுத்து, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) நம்பர் போடுகிற இடம், எல்லாம் மாற்றி அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. யார் செய்வது? கம்ப்யூட்டர் புள்ளதான். சிவகாசிக்கும் சென்னைக்கும் போன் பேசி, டிசைன் திருத்தி, மாதிரிப் பை வரவழைத்து, ஒரு மாதத்துக்கு மேல் லேப்பில் உட்கார்ந்து பை வேலைதான் பார்த்தேன். மாதிரிகளை லேப் பையன் எடுத்தான், நான் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன்.

செப்டம்பர் கடைசியில் குறுவை நெல் வர ஆரம்பித்தது, கூடவே மழையும் வந்தது. அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் எடுப்பதற்கு யோசிப்பார்கள், அங்கே காத்துக் கிடக்க முடியாதவர்கள் தனியாரிடம் கொண்டுவருவார்கள். 20, 22 என்று ஈரத்தோடு லாரி லாரியாக வந்து நின்றது. அந்த நேரத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. பகல் லாட்டில் குருணை 6, 7 சதவீதம் இருக்கும், ராத்திரி லாட்டில் 9, 10. அதே கோ 51 ரக நெல், அதே ஊறல் தொட்டி, அதே மிஷின். லேப்பில் ஒரு கறுப்புத் தட்டு வைத்திருப்போம், அதில் அரிசியைப் பரப்பினால் உடைசல் தனியாகத் தெரியும். ராத்திரி லாட்டை அதில் கொட்டினால் அரிசியின் நடுவில் மயிரிழை மாதிரி விரிசல் தெரிந்தது, நகத்தால் லேசாகத் தொட்டால் இரண்டாகும். காரணம் டிரையர். புழுங்க வைத்த நெல்லை முதலில் 16, 18 சதவீத ஈரம் வரை காய வைத்து, சில மணி நேரம் ஆறப் போட்டு, அப்புறம் இரண்டாவது தடவை 13, 14-க்குக் கொண்டுவர வேண்டும். ராத்திரி ஷிப்டில் இடம் காலியாக வேண்டும் என்று ஆறப் போடாமல் ஒரே மூச்சில் காய வைத்தார்கள். இதை ரிஜிஸ்டரில் தேதி வாரியாக எழுதி, டிரையர் அண்ணனிடம் வாயால் சொன்னேன். அவர் நல்ல மனுஷன், கேட்டார், மாற்றினார். குருணை இறங்கியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 60 டன் நெல் அரைத்தால் சுமார் 40 டன் அரிசி. 3 சதவீதம் குருணை குறைந்தால் 1,200 கிலோ முழு அரிசியாக மிஞ்சுகிறது. முழு அரிசிக்கும் குருணைக்கும் கிலோவுக்கு 12 ரூபாய் வித்தியாசம் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு நாளைக்கு 14,400 ரூபாய். இந்தக் கணக்கை அன்றைக்கு நான் போடவில்லை. போட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவுமில்லை. பொங்கலுக்கு முன்னால் முதலாளி எல்லாரையும் கூப்பிட்டுப் பேசியபோது பிளாண்ட் சூப்பர்வைசர் எழுந்து, “டிரையர்ல கொஞ்சம் மாத்திப் பாத்தோம், நல்லா வந்துச்சுங்க” என்றார். அவர் திருடினார் என்று சொல்ல மாட்டேன், அவர் மனதில் அது அப்படித்தான் நடந்திருக்கிறது. முதலாளி தலையாட்டிவிட்டு என் பக்கம் திரும்பி, “இந்தப் புள்ள பை டிசைன் அருமையா பண்ணுச்சு” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் சிரித்தேன்.

2023 ஏப்ரலில் குவாலிட்டி இன்சார்ஜ் என்று புதிதாக ஒரு பதவி போட்டார்கள். ஈரோடு பக்கத்திலிருந்து ஒருவரை 24,000 சம்பளத்தில் கொண்டுவந்தார்கள். எனக்கு அப்போது 13,500. தாங்க முடியாமல் சின்ன முதலாளியிடம் கேட்டேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “நீங்க ஆபீஸ் சைடுதானேம்மா? லேப்பும் பாக்குறீங்கன்னு தெரியும், ஆனா…” என்று இழுத்தார். அந்த ‘லேப்பும்’ என்கிற ‘உம்’ ஒன்று போதும், அன்றைக்கு ராத்திரி தூங்கவில்லை. வீட்டில் சொன்னால், விடு, நமக்கு இந்த மட்டும் கிடைச்சதே என்பார்கள், அதனால் சொல்லவுமில்லை. பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுவிட்டு முகம் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போவேன். ஒரு மாதத்துக்கு 10,500 ரூபாய் வித்தியாசம், வருஷத்துக்கு ஒண்ணேகால் லட்சம். அதில் என் மகனின் பள்ளிக் கட்டணம், அம்மாவின் மருந்து எல்லாம் அடங்கும்.

அடுத்த நஷ்டம் ஒரு ஆன்லைன் வகுப்பு. போனைத் திறந்தாலே விளம்பரம் வரும், உங்களை நீங்களே பிராண்ட் ஆக்குங்கள் என்று. 18,000 ரூபாய், மூன்று தவணை. பர்சனல் பிராண்ட் என்கிற இந்தப் பேச்சை 1997-இல் டாம் பீட்டர்ஸ் என்கிற அமெரிக்கர் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் பெரிதாக்கினார் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன், உருப்படியாகத் தெரிந்துகொண்டது அது ஒன்றுதான். மற்றபடி பெங்களூர் ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்குச் சொல்வதை அப்படியே சொன்னார்கள். லிங்க்ட்இன்னில் தினம் ஒரு பதிவு போடு, நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடு, உன் வேலையின் திரைக்குப் பின்னால் நடப்பதைக் காட்டு. நானும் களத்தில் ஈர நெல் குவிந்து கிடப்பதைப் படம் எடுத்து, மழைக்காலச் சவால் என்று எழுதிப் போட்டேன். படத்தின் ஓரத்தில் எங்களிடம் அரிசி எடுக்கிற ஒரு பெரிய வியாபாரியின் பை தெரிந்தது. அவர் ஆட்கள் பார்த்துவிட்டு, என்னங்க ஈர நெல்லையா எங்க பையில போடுறீங்க என்று முதலாளிக்குப் போன். அன்றைக்கு நான் வாங்கிய திட்டு ஜென்மத்துக்கும் மறக்காது. நாலு நாள் வீட்டில் உட்கார வைத்தார்கள். வகுப்புக்காரர்களிடம் மீதித் தவணையை நிறுத்துங்கள் என்றால் விதிமுறை இரண்டாம் பக்கம் பாருங்கள் என்றார்கள். முழுப் பணமும் போனது.

ஆகவே முதல் குறிப்பு இங்கேயே: உங்களுக்குப் பதவியும் சம்பளமும் தர முடிவெடுப்பவர் எதைப் பார்க்கிறார் என்று கண்டுபிடித்துவிட்டு அப்புறம் எங்கே பேசுவது என்று முடிவு செய்யுங்கள். எங்கள் முதலாளி வாழ்க்கையில் லிங்க்ட்இன் பார்த்ததில்லை. விடியற்காலை அஞ்சு மணிக்கு எழுந்து வாட்ஸ்அப் பார்ப்பார், அதில் மேட்டூர் நீர்மட்டம், நெல் விலை, ஆலைக்கு வந்த லாரி எண்ணிக்கை. அவ்வளவுதான் அவர் உலகம். அந்த அஞ்சு மணிக்கு அவர் கண்ணில் நான் இருக்கிறேனா இல்லையா என்பதுதான் கேள்வி. வெளியே போடுவதாக இருந்தால் வாங்குபவர் பெயர், பை, ஸ்டாக், அரிசி எத்தனை சதவீதம் தேறுகிறது, இதெல்லாம் எந்த மூலையிலும் தெரியக் கூடாது. கேட்டுவிட்டுப் போடுங்கள், கேட்டதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கண் திறந்தது ஒரு நெல் தரகரால். எழுபது வயது இருக்கும், திருவாரூர்ப் பக்கம். எடைமேடையில் டீ குடித்துக்கொண்டு இருந்தபோது நான் உம்மென்று இருப்பதைப் பார்த்து விசாரித்தார். மேலோட்டமாகச் சொன்னேன். அவர் கேட்டார்: “ஏம்மா, நாளைக்கு வேற மில்லுக்காரன் உன்னப் பத்தி என்கிட்ட கேக்குறான்னு வையி. நான் என்ன சொல்லட்டும்? கம்ப்யூட்டர் நல்லா தெரியும்னா?” பதில் வரவில்லை. அதற்கப்புறம் இந்தக் கேள்வியையே நான் மற்றவர்களிடம் கேட்க ஆரம்பித்தேன். நேரடியாக, என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டால் எல்லாரும் நல்ல புள்ள என்பார்கள், அதில் பிரயோஜனம் இல்லை. “நான் ஒரு மாசம் லீவு போட்டா எந்த வேலை நிக்கும்?” என்று கேளுங்கள். எடைமேடைப் பையன் “ஈ-வே பில்” என்றான். கணக்குப்பிள்ளை “பேங்க் வேலை” என்றார். சூப்பர்வைசர் கொஞ்சம் யோசித்து “பிரிண்ட் அவுட்” என்றார். டிரையர் அண்ணன் ஒருத்தர்தான் “குருணை ஏறிடும்” என்றார். அந்த ஒருத்தர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். எதற்காகப் பெயர் எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது நமக்குப் பிடித்தது என்ன என்று மட்டும் பார்த்தால் போதாது. அது முதலாளியின் பணத்தைத் தொட வேண்டும், நமக்கு உண்மையிலேயே கைவந்ததாக இருக்க வேண்டும், அதே இடத்தில் வேறு யாரும் அதைச் சொந்தம் கொண்டாடாமல் இருந்தால் இன்னும் நல்லது. பை டிசைனும் எனக்கு வரும்தான், ஆனால் அது வருஷத்துக்கு ஒரு தடவை வேலை, முடிந்தால் மறந்துவிடுவார்கள். குருணை தினம் வரும். இன்னொன்று, பெயர் மட்டும் நிற்காது. ஆலையில் ஒரே பி.பி.டி. ரக அரிசியை நாலு பெயரில் நாலு பையில் போடுவார்கள், முதல் பை பெயருக்காகப் போகும், இரண்டாவது பை சோற்றைப் பார்த்துத்தான் போகும். அதனால் பேசுவதற்கு முன்னால் கொஞ்சம் படித்தேன். தஞ்சாவூரில் உள்ள நிஃப்டெம் என்கிற உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு குறுகிய காலப் பயிற்சிக்குப் போனேன். அது 1967-இல் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சிக் கூடமாகத் தொடங்கியது, நம் ஊர் ஈர நெல் பிரச்சினைக்காகவே பிறந்த இடம் என்று சொல்லலாம், இத்தனை பக்கத்தில் இருந்தும் நம் ஆலைகளில் வேலை பார்க்கிற நிறையப் பேருக்கு அது தெரியாது. அப்புறம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் ஃபாஸ்டாக் பயிற்சி முடித்தேன் (டோல்கேட் சமாச்சாரம் இல்லை, உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் பயிற்சி). உணவு வேலையில் இருக்கும் 25 பேருக்கு ஒருவர் அந்தப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது அவர்கள் சொல்வது, ஆகவே அந்தச் சான்றிதழ் ஆலைக்கே தேவைப்படுகிற ஒன்று. வகுப்புக்காரர்களுக்கு அழுத 18,000-இல் இரண்டுக்கும் ஆன செலவு ஒரு மூலைக்குக் கூட வராது.

ரொம்பக் கஷ்டமானது பழைய பெயரைக் கழற்றுவது. முடியாது என்று ஒரே நாளில் சொன்னால் திமிர் என்பார்கள், அதுவும் பெண்பிள்ளை சொன்னால் கேட்கவே வேண்டாம். நான் செய்தது இது: ஒவ்வொரு ஓசி வேலையையும் எப்படிச் செய்வது என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதினேன், ஸ்கிரீன் படம் ஒட்டினேன். லோடுமேன் ஒருத்தரின் மகன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சும்மா இருந்தான், அவனை எடைமேடைக்குச் சேர்க்கும்படி நானே சொல்லி, ஈ-வே பில்லும் கரண்ட் பில்லும் அவனுக்குக் கற்றுக் கொடுத்தேன். “அந்தத் தம்பிக்கு நல்லா வருது, அவன்கிட்ட குடுங்க, சந்தேகம்னா என்னைக் கேக்கச் சொல்லுங்க” என்று ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே அனுப்பினேன். மூன்று மணிக்கு மேல் வந்தால் மட்டும் செய்து தருவேன், அதற்கு முன்னால் மாதிரி பார்க்கிற நேரம் என்று கதவில் ஒட்டினேன். ஆறு மாதம் போல ஆயிற்று அடங்க. கணக்குப்பிள்ளை ஐயா முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டார். மத்தியானம் சேர்ந்து சாப்பிடுவோம், அதுவும் நின்றது. இதெல்லாம் நடக்கும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், எல்லாருக்கும் நல்லவளாகவும் இருந்து இதையும் செய்ய முடியவில்லை.

அப்புறம் சனிக்கிழமை மெசேஜ். இதைத்தான் அக்கா மகளுக்கு அப்படியே காப்பி அடிக்கச் சொன்னேன். வாரம் ஒரு தடவை முதலாளிக்கும் சின்ன முதலாளிக்கும், புதிதாக வந்த இன்சார்ஜுக்கும் சேர்த்து, நாலு வரி. உதாரணத்துக்கு ஒன்று: “இந்த வாரம் வந்த நெல் ஈரம் 16 முதல் 21 வரை. புழுங்கல் குருணை 6.4, போன வாரம் 7.1. செவ்வாய் ராத்திரி லாட்டில் மட்டும் 9.8, ஆறப் போடவில்லை. மூன்றாம் நம்பர் சேமிப்புத் தொட்டியில் நெல் சூடேறுகிறது, திங்கள்கிழமைக்குள் எடுத்துவிட்டால் மஞ்சளடிக்காது.” கீழே என் பெயர், லேப். அவ்வளவுதான். நான் இதைச் செய்தேன், அதைச் சாதித்தேன் என்று ஒரு வார்த்தை இருக்காது. நம் பக்கத்தில் தன்னைத் தானே பேசிக்கொண்டால் தம்பட்டம் என்று காதைப் பொத்திக்கொள்வார்கள், ஆனால் நம்பர் வந்தால் உட்கார்ந்து படிப்பார்கள். முதல் ஒன்றிரண்டு மாதம் நீல டிக் மட்டும்தான், பதில் கிடையாது. மனசு விட்டுப் போகும். ஒரு சனிக்கிழமை காய்ச்சலில் அனுப்பவில்லை, ஞாயிறு காலை அஞ்சேகாலுக்குப் போன் வந்தது, “என்னம்மா, குருணை எவ்வளவுன்னு அனுப்பலையே?” அப்போதுதான் அவர் படிக்கிறார் என்றே தெரிந்தது.

மெசேஜில் இரண்டு விஷயம் விடாமல் செய்யுங்கள். ஒன்று, கெட்ட செய்தியையும் அதே நாலு வரியில், அதே குரலில் சொல்லுங்கள். 2024 ஜனவரியில் சம்பா நெல் ஒரு லாட்டை நானே சரி என்று ஏற்றியிருந்தேன், குவியலில் உள்பக்கம் சூடேறி மஞ்சள் விழுந்தது. யாரும் கேட்பதற்கு முன்னால், எத்தனை மூட்டை, எவ்வளவு விலை குறையும், இனி மாதிரி குவியலின் அடியிலிருந்தும் எடுக்கப்படும் என்று அனுப்பினேன். திட்டு விழுந்தது, ஆனால் அதற்கப்புறம்தான் என் நம்பரை அவர் நம்ப ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். இரண்டாவது, கூட வேலை செய்தவர் பெயரைப் போடுங்கள். குருணை இறங்கிய வாரமெல்லாம் டிரையர் அண்ணன் பெயர் அதில் இருக்கும். தீபாவளிக்கு அவருக்கு முதலாளி தனியாக ஒரு கவர் கொடுத்தார். அவர் ஊர் முழுக்க யாரைப் பற்றிப் பேசியிருப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மைப் பற்றி நாம் சொல்ல முடியாததைச் சொல்ல அடுத்தவர் வாய் வேண்டும், அது சும்மா கிடைக்காது.

ஈரோட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் மூன்று மாதம் அவர் முகத்தைப் பார்த்தாலே எரிச்சல் வரும். மனுஷன் பாவம், எனக்கு நடந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. அவருக்குக் கொங்கு நாட்டு ஆலை அத்துப்படி, டெல்டாவின் குறுவை ஈரம் பழக்கமில்லை. 2024-இல் மேட்டூர் ஜூலை 28-க்குத்தான் திறந்தார்கள், நெல் வரத்தே தாறுமாறாகிப் போனது, எந்த ஊர் நெல் எப்போது வரும், எந்த வியாபாரி ஆடுதுறை 37 ரக நெல்லில் வேறு குண்டு ரகம் கலப்பார் என்பதெல்லாம் என் ரிஜிஸ்டரில் 2017-இலிருந்து இருந்தது. அதை எடுத்து ஊர் வாரியாக ஒரு தாள் போட்டுக் கொடுத்தேன், என் பெயரும் தேதியும் கீழே. அவர் அதைக் கூட்டத்தில் காட்டி என் பெயர் சொல்லித்தான் பேசினார். எல்லா மேலதிகாரியும் இப்படி இருக்க மாட்டார்கள் என்பது தெரியும், ஆகவே தாளில் பெயர் போடுவதை மட்டும் விடாதீர்கள். ஃபைலின் பெயரிலேயே உங்கள் பெயரைச் சேர்த்துவிடுங்கள், ஃபார்வர்டு ஆகும்போது கூடவே போகும்.

எல்லாரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று சம்பளச் சீட்டு. என்னுடையதில் ஆறு வருஷமாக ‘அலுவலக உதவியாளர்’ என்றுதான் இருந்திருக்கிறது, நான் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, லேப் அனுபவத்துக்குச் சான்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு காகிதம் கிடையாது. அடையாள அட்டை, நியமனக் கடிதம், சம்பளச் சீட்டு மூன்றிலும் பதவிப் பெயர் என்ன என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மாற்றச் சொல்லிக் கேட்பதற்குச் சம்பள உயர்வு கேட்பது போன்ற சங்கடம் இல்லை, காசு செலவில்லை என்பதால் சரி என்பார்கள். எனக்கு 2024 ஏப்ரலில் ‘தர ஆய்வாளர்’ என்று மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்து ஒரு மாதத்திலேயே கும்பகோணம் பக்கம் ஒரு ஆலையிலிருந்து விசாரித்தார்கள். விசாரித்தது அந்தத் தரகரிடம். குருணை குறைக்கிற பெண் என்று அவர் சொன்னாராம். நான் போகவில்லை, மகன் பத்தாவது, தூரம் அதிகம். ஆனால் விசாரிக்கிறார்கள் என்பது முதலாளி காதுக்கும் போயிருந்தது.

சம்பளம் கேட்பதற்கு நேரம் இருக்கிறது. இங்கே எச்.ஆர். கிடையாது, அப்ரைசல் கிடையாது. தை, மாசியில் சம்பா அறுவடை, முதலாளி தூங்குவதே இல்லை. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை, மழை, அப்போது வாய் திறந்தால் எரிந்து விழுவார். ஜூன், ஜூலைதான் சரி, மிஷின் சர்வீஸுக்கு நிற்கும், அவரும் நிதானமாக இருப்பார், அணை திறந்திருந்தால் இன்னும் நல்ல மனநிலை. போன ஜூனில் ஒரே ஒரு தாள் எடுத்துக்கொண்டு போனேன். இடது பக்கம் 2022 குறுவையின் குருணை சதவீதம், வலது பக்கம் 2024 குறுவையின் சதவீதம், கீழே 1,200 கிலோ கணக்கு. அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார், “இத ஏம்மா அப்பவே சொல்லல?” என்றார். எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. 19,000 ஆக்கினார். நான் கேட்டது 22,000. மீதி மூவாயிரத்துக்கு வருகிற ஜூனில் மறுபடி போவேன், இந்தத் தடவை ஈர நெல்லைத் திருப்பி அனுப்பியதில் மிச்சமான தொகையையும் சேர்த்து எழுதிக்கொண்டு இருக்கிறேன்.